கருநீல மீனுக்கு ஒரு பெயர்

சென்னை
12 ஆகஸ்ட் 1975

நஃபீசாவுக்கு,

நலமா என்று கேட்டால், நாலு வருஷமாக எங்கே போயிருந்தாய் என்று திருப்பிக் கேட்பாய். அதனால் கேட்காமலே தொடங்குகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், ஜெயசெல்விதான். கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் முழுசாக வாசித்துவிட்டுக் கிழி.

இங்கே கடலுயிர் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் பேராசிரியர் சிப்பிகளில் பெரிய ஆள். மீன் என்று வந்தால் அவருக்கும் எனக்கும் ஒரே அளவு இருட்டு. போன ஏப்ரலில் அவரோடு தூத்துக்குடி வந்தபோது, கூடு வைத்து மீன் பிடிக்கும் ஒருவருடைய வள்ளத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மீன் வெயிலில் செத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் வளைவு வளைவாக வரி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம்முடைய மீன் நஃபீசா. கல்லூரியில் கடைசி வருஷம் வகுப்போடு வான்தீவுக்குப் போனோமே, அன்றைக்குப் பார்த்தது.

ஃபார்மலினில் போட்டு எடுத்து வந்தேன். இருந்த கொஞ்ச நிறமும் போய் இப்போது அவித்த முட்டை மாதிரி இருக்கிறது. இங்குள்ள பழைய புத்தகங்களில் இதே வரியோடு எந்த மீனும் இல்லை. புது இனமாக இருக்கலாம் என்கிறார் பேராசிரியர். ஆனால் உயிரோடு இருக்கையில் என்ன நிறம் என்று எழுதாமல் புது மீன் என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

உயிரோடு பார்த்தது நாம் இரண்டு பேர்தான். அதிலும் நான் பார்த்தது பார்த்ததில் சேர்த்தியே இல்லை. சங்கு குளிக்கிற செபாஸ்டின் அண்ணன் இரவல் தந்தது, தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டுகிற ஒரே முகக்கண்ணாடி. ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று பேச்சு. நீ வள்ளத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தவள்தான். மூச்சு வாங்கத் தலையைத் தூக்குவாய், நான் கையை நீட்டுவதற்குள் மறுபடி முங்கிவிடுவாய். முதுகில் தட்டித் தட்டி என் கை வலித்ததுதான் மிச்சம். என் முறை வந்தபோது சார் விசில் ஊதிவிட்டார். எனக்குக் கிடைத்தது ஒரு வால், கொஞ்சம் வரி, ஒரு வாய் உப்புத் தண்ணீர்.

நீ பார்த்ததை எல்லாம் எழுது. எதையும் விடாதே.

ஜெயா


காயல்பட்டினம்
30 ஆகஸ்ட் 1975

ஜெயாவுக்கு,

கிழிக்கவில்லை. உம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "அந்த நாசரேத்துப் பிள்ளையா? தூத்துக்குடி வரைக்கும் வந்தவளுக்கு இங்கன வர ஒரு பஸ்ஸு கெடைக்கலையாமா?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான்.

கண்ணாடியை நான் கொடுக்காதது உனக்கு நினைவிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? பரீட்சை முடிந்த அன்று, எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன். "மேல படிக்கலைன்னா இனி நீ மீனைக் கொழம்புலதான் பாப்பே" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாய். கல்யாணத்துக்கும் வரவில்லை. கல்யாணக் களறி விருந்தில் உனக்கென்று எடுத்து வைத்ததை மறுநாள் காலையில் நானே தின்றேன். அழுதுகொண்டே தின்றேன், ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது.

நான் எங்கேயோ போய்விட்டதாக உனக்கு நினைப்பு. எங்கள் ஊரில் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நான் பிறந்த வீட்டிலேயேதான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஸதக்கத்துல்லாஹ் துபாயில் வேலை பார்க்கிறார். ஆக நான் எங்கேயும் போகவில்லை ஜெயா. போனது நீதான்.

சரி, மீனைக் கேட்டாய். உடம்பு கருநீலம், இங்க் பாட்டிலின் அடியில் தங்குகிற நிறம். அதன்மேல் வெள்ளை வரிகள். தலைப்பக்கம் கொஞ்சம் நேராகவும் வால்பக்கம் போகப் போக வளைந்தும் இருக்கும். இரண்டு வெள்ளை வரிகளுக்கு நடுவில் நூல் மாதிரி ஒரு வெளிர்நீல வரி. பாறை இடுக்கை விட்டு ஒரு சாண் வெளியே வரும், என்னைப் பார்க்கும், உள்ளே ஓடும், மறுபடி வரும். அதை விட்டு எப்படி எழுந்திருப்பது, நீயே சொல்.

அதே பாறைக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெரிய மீனும் நின்றது. பச்சையும் மஞ்சளும் கலந்த உடம்பு, வாலில் நீலத்தில் அரபி எழுத்து மாதிரி நெளிநெளியாக. அன்றைக்கே சொன்னேன், நீ சிரித்தாய். நீ எதையும் விடாதே என்றதால் அதையும் எழுதிவிட்டேன்.

இன்னொரு விஷயம். ஊரில் எல்லார் புருஷனும் டேப் ரிக்கார்டர் கொண்டு வந்தார்கள். நான் கேட்டேன் என்று என் வீட்டுக்காரர் மீன் வளர்க்கிற கண்ணாடிப் பெட்டி கொண்டு வந்தார், காற்று ஊதுகிற மோட்டாரோடு. உம்மா அதில் வளையல்களைப் போட்டு வைத்திருக்கிறாள். செபாஸ்டின் அண்ணன் தூத்துக்குடியில் வாப்பாவின் கயிற்றுக் கடைக்கு வருவார். சங்குக் குளிப்புத் தொடங்கியதும் ஒரு மீன் பிடித்துத் தரச் சொல்லட்டுமா?

நஃபீசா


சென்னை
15 செப்டம்பர் 1975

நஃபீசா,

சொல்லட்டுமா என்று கேட்கவா செய்வாய்? வளையலை எல்லாம் கையில் போட்டுக்கொள்ளச் சொல் உம்மாவை. மீன் வந்ததும் மாதம் ஒரு படம் வரைந்து அனுப்பு. அன்று தீவில் ஈர மணலில் விரலால் நீ வரைந்த மீன் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அலை வந்து வாலை அழித்ததும் சண்டைக்குப் போனாயே, அலையோடு.

இப்போது நான் சொல்லப் போவதை உட்கார்ந்து வாசி. புது இனத்துக்குப் பெயர் வைக்கையில் ஒரு ஆளின் பெயரையும் வைக்கலாம். லத்தீனில் கடைசியைக் கொஞ்சம் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். "நஃபீசே". முதலில் பார்த்தவள் பெயர் என்று பேராசிரியரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். உலகத்தில் எந்த நாட்டுக்காரன் இந்த மீனைப் பற்றி எழுதினாலும் உன் பெயரைத்தான் எழுத வேண்டும்.

எனக்கும் இதில் பிழைப்பு இருக்கிறது. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் என் உதவித்தொகையை நீட்டிப்பார்கள். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாசரேத்துக்கே திரும்பி, அப்பா பார்த்து வைத்திருக்கிற சாத்தான்குளம் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்க வேண்டியதுதான்.

பெரிய மீன் நமக்கு வேண்டாம். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வாலில் அரபி எழுத்தை நீ இன்னும் விடவில்லையா?

குழம்பு விஷயத்தை இப்போது வாபஸ் வாங்க மாட்டேன். மீனுக்கு உன் பெயரை வைத்துவிட்டு வாங்குகிறேன், அதுதான் மரியாதை.

ஜெயா


காயல்பட்டினம்
14 ஜனவரி 1976

ஜெயா,

வந்துவிட்டது! என் சுண்டுவிரல் நீளம். செபாஸ்டின் அண்ணன் தூக்குச்சட்டியில் கடல் தண்ணீரோடு பஸ்ஸில் கொண்டு வந்தார். வழி முழுக்க மூடியைத் திறந்து கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே வந்தாராம். கண்டக்டர், "அண்ணாச்சி, மீனுச் சட்டியக் கூரை மேல போடும், நாறும்" என்றிருக்கிறார். "இது திங்குற மீனு இல்லய்யா, படிக்குற மீனு" என்று இவர் மடியில் வைத்துக்கொண்டாராம்.

வீடே அதைச் சுற்றித்தான் இருக்கிறது. வரிக்குட்டி என்று கூப்பிடுகிறோம். கடற்கரையிலிருந்து தினம் குடத்தில் தண்ணீர் வருகிறது. பொடி இறாலும் பாறைப் பாசியும் சாப்பாடு. கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். அப்போது உம்மா சைக்கிள் பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு கையில் தஸ்பீஹ் மணிமாலை, ஒரு கையில் பம்பு. "ஏளா, உன் சிநேகிதிக்கிட்டச் சொல்லு, ஒரு பேரு வைக்க எம்புட்டு பாடுன்னு" என்கிறாள்.

பெயர் விஷயத்தை என் வீட்டுக்காரருக்கு எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. துபாயில் அவர் அறையில் இருக்கிறவர்கள், வேலை பார்க்கிற இடம், சாப்பாட்டுக்கடை எல்லாவற்றிலும் சொல்லிவிட்டார். "என் பெண்டாட்டி பேர்ல ஒரு மீனு இருக்கு தெரியுமா" என்று கேட்டுத்தான் மனிதர் இப்போது பேச்சையே தொடங்குகிறாராம். வெட்கமாக இருக்கிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருக்கிறது. ஒரு தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். நஃபீசே, நஃபீசே.

படம் வைத்திருக்கிறேன். பெட்டியில் முகத்தை ஒட்டிப் பார்க்கும்போது அன்றைக்குக் காதுக்குள் கேட்ட சத்தம்கூடத் திரும்பக் கேட்கிறது, யாரோ தூரத்தில் பொரி வறுக்கிற மாதிரி. உனக்கும் கேட்டதா? கேட்க மறந்துவிட்டேன், நாலு வருஷமாக.

நஃபீசா


சென்னை
22 ஜூன் 1976

நஃபீசா,

உன் படங்கள் எல்லாம் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கின்றன. மே மாதப் படம்தான் கடைசி, ஜூன் படம் இன்னும் வரவில்லை. கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. முதல் படமே போதும், அதையே அச்சிடப் போகிறோம். அக்டோபரில் அனுப்பிவிடுவோம் என்று பேராசிரியர் நாள் குறித்துவிட்டார்.

எனக்கும் கேட்டது அந்தச் சத்தம். அந்த ஒரு நொடியில் கேட்டதே அதுதான். இந்த ஊரில் மழை பெய்தால்கூட அந்தத் தண்ணீரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பாவாடை தாவணி காயாமல் எல்லாரும் வள்ளத்தில் நடுங்கிக்கொண்டு வந்தோம். நீ மட்டும் நடுங்கவில்லை, மீனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாய். துறைமுக விளக்கு தெரிந்ததும் அழுதாய். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

ஜூன் படத்தை அனுப்பு.

ஜெயா


காயல்பட்டினம்
3 செப்டம்பர் 1976

ஜெயா,

ஜூன் படம் வரவில்லை, ஜூலை வரவில்லை, ஆகஸ்டும் வரவில்லை. வரைந்திருக்கிறேன். அனுப்பத்தான் கை வரவில்லை. நோன்பு நேரம், பொய் எழுதவும் மனசில்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இதோடு வைத்திருக்கிறேன்.

வரிக்குட்டி இப்போது என் உள்ளங்கை நீளம். வெள்ளை வரிகள் நடுவயிற்றில் கரைகின்றன. கருநீலத்துக்குள் பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத ஒரு நிறம் எழும்புகிறது. முதலில் சீக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் நன்றாகத் தின்கிறது, பெட்டியைச் சுற்றி ஓடுகிறது, விரலை வைத்தால் கடிக்க வருகிறது.

வாலைப் பார். முன்னால் வால் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. இப்போது நீலத்தில் ஏதோ வந்திருக்கிறது. இதற்கு மேல் நான் சொல்லவில்லை. நீயே படத்தைப் பார்த்துச் சொல்.

அக்டோபருக்கு முன்னால் சொல்.

நஃபீசா


சென்னை
12 செப்டம்பர் 1976

நஃபீசா,

நீ எங்கே வருகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. அது நடக்காது.

கடலில் வாழ வேண்டிய மீனை வீட்டுக்குள் பெட்டியில் அடைத்து, பக்கத்தில் அடுப்புப் புகை, குடத்துத் தண்ணீர், சைக்கிள் பம்புக் காற்று. நிறம் மாறாமல் என்ன செய்யும்? என் புட்டியில் நிறமே போய்விட்டது, அதனால் அது வேறு மீன் ஆகிவிட்டதா? ஆராய்ச்சிசாலையில் வளர்த்திருந்தால் யோசிக்கலாம். சமையல் வீட்டில் வளர்த்ததை வைத்து என் ஒன்றரை வருஷ உழைப்பை அழிக்கச் சொல்கிறாயா?

உனக்காகத்தான் பேராசிரியரிடம் சண்டை போட்டு அந்தப் பெயரை வாங்கினேன். நீயே வேண்டாம் என்கிறாய். அன்றைக்குப் படிப்பையும் இப்படித்தான் வேண்டாம் என்றாய்.

தட்டச்சு முடிந்துவிட்டது. அனுப்பத்தான் போகிறோம்.

ஜெயசெல்வி


காயல்பட்டினம்
28 செப்டம்பர் 1976

ஜெயசெல்வி,

பெருநாள் முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். இல்லாவிட்டால் இதைவிடக் காரமாக எழுதியிருப்பேன்.

சமையல் வீட்டில்தான் வளர்த்தேன். உன் பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் இந்த மீன் ஒரு நாளாவது உயிரோடு இருந்ததா? படிப்பு எனக்கும் பிடிக்கும், ஸதக்கத்துல்லாஹையும் பிடித்திருந்தது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றார்கள், ஒன்றை எடுத்தேன். மற்றதை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? வள்ளத்தில் ஏன் அழுதேன் என்று கேட்டாயே, வீட்டில் அப்போதே கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது, அதற்குத்தான் அழுதேன்.

இப்போது கேள். நேற்று உம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏளா நஃபீசா, இங்கன வா. இது வால்ல குர்ஆன்ல ஓதுற எழுத்து மாதிரி என்னமோ வந்திருக்கு" என்றாள். வான்தீவு கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அந்தப் பாறைக்குக் கீழே நின்ற பெரிய மீனின் வால் அது. உன் முறையையும் சேர்த்துத் தின்றுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த வால். வரிக்குட்டி அதன் பிள்ளை ஜெயா. சின்னதில் ஒரு சட்டை, பெரிதானால் ஒரு சட்டை. புத்தகம் எழுதினவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துத் தனித்தனிப் புட்டியில் போட்டிருப்பார்கள். ஒரே மீனை யாராவது ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்படியே போனால் என்னை இப்போது பார்த்தாலும் வேறு இனம் என்று எழுதிவிடுவாய். கல்யாணத்துக்கு அப்புறம் நன்றாகச் சதை போட்டிருக்கிறேன்.

என் பெயரை எடுத்துவிடு. அந்தப் பெயரை எத்தனை தாளில் எழுதிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனால் இல்லாத மீனுக்கு என் பெயர் எதற்கு? நீ அனுப்பினால் ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள், உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. உன்னைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான்.

கடைசிப் படம் வைத்திருக்கிறேன். வாலை மட்டும் பெரிதாக வரைந்திருக்கிறேன்.

நஃபீசா


சென்னை
2 டிசம்பர் 1976

நஃபீசா,

உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் அதை மேசைக்குள் போட்டுப் பூட்டினேன். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். வால் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மியூசியத்தில் புட்டியில் இருக்கிற பெரிய மீனைப் போய்ப் பார்த்தேன். அதிலும் நிறம் போய்விட்டது, ஆனால் வாலில் நெளிவுகள் இருந்தன. அப்புறம் இரண்டு மீன்களையும் பக்கத்தில் வைத்து, துடுப்பில் உள்ள முட்களை எண்ணினேன். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. கன்னத்தில் இருக்கிற முள்ளும் ஒரே மாதிரி. என் மீனில் அதையெல்லாம் முன்பே எண்ணி வைத்திருந்தேன். பெரியதில் எண்ணிப் பார்க்கத்தான் தோன்றவில்லை, வரியைப் பார்த்து அப்படி மயங்கிக் கிடந்தேன்.

பேராசிரியரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். உன் படங்களை வரிசையாக மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "யார் இந்தப் பெண்?" என்றார். "என் சிநேகிதி" என்றேன். கட்டுரை போகவில்லை. உதவித்தொகையும் மார்ச்சோடு சரி. இந்தப் படங்களை வைத்து வேறொரு கட்டுரை எழுதலாம் என்கிறார், ஆனால் அதற்குச் சம்பளம் கிடையாது. சாத்தான்குளம் பள்ளிக்கூடத்தில் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நிறைய அழுதேன். உன் பெயரை வைக்க முடியவில்லையே என்றுதான் அதிகம் அழுதேன். வேறெதையும் கொடுத்து உன்னிடம் எப்படித் திரும்பி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

குழம்பு விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். பெயர் இல்லாமலே.

வரிக்குட்டி எப்படி இருக்கிறது?

ஜெயா


காயல்பட்டினம்
20 ஜனவரி 1977

ஜெயா,

வரிக்குட்டிக்கு வரி பாதிதான் மிச்சம், திமிர் மட்டும் இரண்டு மடங்கு. பெட்டியில் திரும்பக்கூட இடம் போதவில்லை. கடலில் விட வேண்டியதுதான் என்று உம்மாவே சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

செபாஸ்டின் அண்ணனிடம் அந்த இடத்தைக் கேட்டேன். "அங்கன பாதிப் பாறைய வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டு போயிட்டானுவ. மிச்சம் கெடக்கு" என்றார். நம்முடைய இடுக்கு மிச்சத்தில் இருக்கிறதாம். மார்ச்சில் தண்ணீர் தெளிந்துவிடும், வள்ளம் நான் கொண்டு வாரேன் என்றார். உனக்கும் மார்ச்சோடுதானே சென்னை முடிகிறது? சாத்தான்குளத்துக்குப் போகிற வழியில் இங்கே இறங்கு. காயலுக்கு பஸ் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். துபாய் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற மனிதர். பெயர் கிடையாது என்று ஒரே வரியில் எழுதிப் போட்டேன். பதிலும் ஒரே வரிதான். "பேரு போனா போகுது, சிநேகிதி வந்தாளா?"

அதோடு, லீவில் வந்த பக்கத்துத் தெருக்காரரிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் முகக்கண்ணாடி, தண்ணீருக்குள் முகம் வைத்தே மூச்சு விடுகிற குழாயோடு. நான் ஒன்றுதான் கேட்டிருந்தேன். இரண்டு வந்திருக்கிறது ஜெயா.

நம்மில் யாரும் யார் முதுகிலும் தட்ட வேண்டாம். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதின் வாரில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

நஃபீசா